மல்லனுக்கும் முதுமை வரும்

வலிமையுள்ளவனை உலகம் வியக்கும். வலிமை குன்றியவனை மறக்கும். இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. பாடகனுக்குக் குரல் உடைந்தால், நடிகனுக்கு அழகு குலைந்தால், பந்தாட்டக்காரனுக்கு முழங்கால் தேய்ந்தால், அதன் பின்னர் அவன் என்ன ஆனான் என்று ரசிகர்களாகிய நாம் விசாரிப்பதில்லை. அடுத்தவன் மேடைக்கு வந்துவிடுகிறான். நம் கைகள் அவனுக்காகத் தட்டத் தொடங்கிவிடுகின்றன.

கைதட்டல் ஓய்ந்தபின் அந்த மனிதன் எங்கே போகிறான்? அவன் வரவை எதிர்பார்த்து விளக்கேற்றி வைத்திருப்பவர் எவரேனும் உண்டா? இவ்வினாக்களைக் கேட்டு, அவற்றுக்கு இனிப்புத் தடவிய விடை எதுவும் கூறாமல் விட்ட அமெரிக்கத் திரைப்படம் ஒன்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘த றெஸ்லர்’, அதாவது ‘மல்யுத்த வீரன்’ என்பது அதன் பெயர். டாரன் அறொனொவ்ஸ்கி அதன் நெறியாளர். கதை வசனம் எழுதியவர் றொபேட் சீகல். முதுமையின் வாயிலில் நிற்கும் மல்லனாகத் தோன்றியவர் மிக்கி றூர்க். அவ்வாண்டு வெனிஸ் நகரத் திரைப்பட விழாவின் தலையாய பரிசாகிய ‘தங்கச் சிங்கம்’ இப்படத்துக்கே கிடைத்தது. பெரும் பொருட்செலவில் எடுக்கப்படும் ஹொலிவூட் படங்களோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 60 லட்சம் டொலரில் முடிந்த இப்படம் ஓர் ஏழைப் படமே.

பொய்ப் போட்டியும் மெய்க் காயமும்

நம்மவர்க்கு மல்யுத்தம் புதியதன்று. தாராசிங், கிங்காங் என்னும் பெயர்களைக் கேட்டு வளர்ந்த மூத்த தலைமுறை நம் வீடுகளில் உண்டு. இன்றைய மாணவரோ தொலைக்காட்சியில் அமெரிக்க மல்லர்களைக் கண்டு, அவர்களுடைய பட்டப்பெயர்களைப் பாடத்திலும் நன்றாக மனனம் செய்து வைத்திருக்கின்றனர். ஆதலால் இக்கலையின் இயல்பைச் சற்றே விளக்குதல் பொருத்தமாகும்.

ஒலிம்பிக் போட்டிகளில் நிகழும் மல்யுத்தம் வேறு. அமெரிக்காவில் கட்டணம் பெற்று நடத்தப்படும் தொழில்முறை மல்யுத்தம் வேறு. முன்னதில் வெல்பவன் யாரென்று முன்கூட்டி எவருக்கும் தெரியாது. பின்னதில் வெற்றியும் தோல்வியும் முதலிலேயே முடிவாகிவிடும். ஒருவனுக்கு நல்லவன் வேடம். மற்றவனுக்குத் தீயவன் வேடம். நம் நாட்டுக்கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி வரவுப் பாட்டு இருப்பதுபோல, அங்கே ஒவ்வொரு மல்லனுக்கும் தனி இசையும், தனி உடையும், தனி நடையும் உண்டு.

“அப்படியாயின் எல்லாம் வெறும் பொய்தானே!” என்று நகைப்பார் பலர். இப்படத்தைப் பார்த்தவர் அவ்வாறு நகைக்கமாட்டார். கோதாவின் மூலைக் கம்பத்தில் ஏறி, அங்கிருந்து எதிரியின்மேல் பாய்பவனுடைய எலும்புகள் உண்மையாகவே அதிர்கின்றன. கூட்டத்தாருக்கு இரத்தம் வேண்டியிருக்கிறது. அதற்காக நம் கதாநாயகன் மணிக்கட்டில் சுற்றிய துணிக்கட்டுக்குள் சிறு பிளேட் துண்டொன்றை மறைத்துக்கொண்டு கோதாவில் ஏறுகிறான். கீழே விழுந்து கிடக்கும் வேளையில் எவரும் அறியாமல் தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்கிறான். மற்றொரு போட்டியில் முட்கம்பியும் கண்ணாடியும் ஆயுதங்களாகின்றன. போட்டி முடிந்தபின் அவன் முதுகிலிருந்து உலோகத் துண்டுகளையும் கண்ணாடிச் சில்லுகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்கும் காட்சி, கல் நெஞ்சையும் கலங்கச் செய்யும். முடிவு மட்டுமே பொய், நோவு மெய்.

இவ்விடத்தில் நெறியாளரின் நடுவுநிலையையும் பாராட்ட வேண்டும். கோதாவில் பகைவராய் உறுமும் மல்லர்கள், உடைமாற்றும் அறையில் உடன்பிறந்தார்போல் பழகுகின்றனர். எந்தப் பிடிக்குப்பின் எந்த அடி என்று அமைதியாகப் பேசி ஒழுங்கு செய்துகொள்கின்றனர். இளையவர் மூத்தவனை வணங்காக் குறையாக மதிக்கின்றனர். இத்தொழிலை இழிவுபடுத்துவது படத்தின் நோக்கமன்று. இத்தொழிலில் ஒருவன் எதைப் பெறுகிறான், எதை இழக்கிறான் என்று கணக்குப் பார்ப்பதே அதன் நோக்கம்.

பூட்டிய கதவு

கதாநாயகனின் பெயர் றாண்டி றொபின்சன். ‘ஆட்டுக்கடா’ என்பது அவனுடைய மேடைப் பட்டம். 1980ஆம் ஆண்டுகளில் அவன் புகழின் உச்சியில் இருந்தவன். படம் தொடங்கும்போது அந்நாளைய விளம்பரத் தாள்களும் பத்திரிகைப் பக்கங்களும், வர்ணனையாளரின் முழக்கத்தோடு நம் கண்முன் ஓடுகின்றன. பின்னர் 20 ஆண்டுகள் ஒரு நொடியில் கழிந்துவிடுகின்றன.

இப்போது நாம் காண்பது சிறுவர் பாடசாலை ஒன்றின் வகுப்பறை. பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள் சூழ்ந்திருக்க, நம் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, பருத்த உடலுடைய மனிதன் ஒருவன் இருமியபடி நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். அன்றிரவு அவ்வறையே மல்லருக்கு உடைமாற்றும் இடம். ஏற்பாட்டாளர் வந்து, எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை என்று சொல்லிச் சில நோட்டுகளை அவன் கையில் வைக்கிறார். ஒரு காலத்தில் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவேயார் கார்டனை நிறைத்தவனுக்கு இன்று கிடைத்த கூலி அதுதான்.

நியூ ஜேர்சி மாநிலத்தில், சக்கரம் பூட்டிய வண்டிவீடுகள் வரிசையாய் நிற்கும் குடியிருப்பொன்றில் அவன் வாழ்கிறான். அன்றிரவு அங்கே திரும்பினால் கதவு பூட்டிக் கிடக்கிறது; வாடகை பாக்கி. தன் பழைய வானுக்குள் சுருண்டு படுத்து உறங்குகிறான். அவ்வானுக்குள் அவன் உருவத்திலேயே செய்யப்பட்ட பொம்மை ஒன்று நிற்கிறது. பொம்மைக்கு முதுமையில்லை, அதன் சொந்தக்காரனுக்கோ செவிப்புலன் குறைந்து, காதில் கருவி மாட்டவேண்டிய நிலை.

வாரநாள்களில் பல்பொருள் அங்காடி ஒன்றில் பெட்டி தூக்குகிறான். வார இறுதியில் சிற்றூர் மண்டபங்களில் மல்யுத்தம் புரிகிறான். தசை தளராதிருக்க ஊக்கமருந்தை ஊசிமூலம் ஏற்றிக்கொள்கிறான். தலைமயிருக்குப் பொன்னிறம் ஏற்றுகிறான். விளக்கு வெப்பத்தில் படுத்து மேனியை மாநிறமாக்குகிறான். அரசர் வேடம் கட்டுபவன் ஒப்பனைக்குச் செலவிடும் நேரம் ஓர் இரவுக்குரியது. இவனோ வாழ்நாள் முழுவதையும் ஒப்பனையில் கழிக்கிறான்.

முட்கம்பிப் போட்டி முடிந்த இரவில் அவனுடைய இருதயம் தடுமாறுகிறது. வைத்தியசாலையில் கண்விழிக்கும்போது மார்பைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். இனி மல்யுத்தம் ஆகாது என்பது வைத்தியரின் எச்சரிக்கை.

மார்பில் குத்திய பெயர்

இனி வருவனவே படத்தின் உயிர்ப்பகுதி என்பது என் எண்ணம்.

போட்டிகளைக் கைவிட்ட றாண்டி, அங்காடியில் கூடுதல் வேலை கேட்கிறான். சமைத்த உணவும் இறைச்சியும் நிறுத்து விற்கும் பகுதியில் நிற்கும்படி அவனுக்குக் கட்டளையாகிறது. தலைமயிர் உணவில் விழாதிருக்க வலைத்தொப்பி, மார்பில் பெயர்ச்சீட்டு. சீட்டில் எழுதியிருப்பது ‘றொபின்’. அவன் பெற்றோர் இட்ட பெயர் றொபின் றம்சின்ஸ்கி. அப்பெயரைச் சொல்லி எவரேனும் அழைத்தால் அவன் முகம் சுளிக்கிறான். றாண்டி என்னும் பெயருக்குத்தான் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள். றொபினுக்காக எழுந்தவர் எவர்?

முதல்நாள் அவன் அங்காடியின் பின்வழியாக நடந்து விற்பனைப் பகுதிக்கு வரும்போது, கமரா அவன் முதுகைத் தொடர்ந்து செல்கிறது. அவன் காதில் பழைய கூட்டத்தின் இரைச்சல் எழுகிறது. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறான், இரைச்சல் அறுந்துபோகிறது. எதிரே உருளைக்கிழங்குக் கலவை வாங்கக் காத்திருக்கும் மாந்தர்! இருந்தும் அவன் அவர்களோடு சிரித்துப் பேசி, நகைச்சுவை கூறி, நல்ல விற்பனையாளனாகவே விளங்குகிறான். உழைப்பில் இழிவில்லை என்பதை அந்தச் சில நிமிடங்கள் அழகாகக் காட்டுகின்றன. வேறொரு வாழ்வு அவனால் முடியாததன்று.

ஆனால் ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் அவனை உற்று நோக்கி, “நீ அந்த மல்லன் அல்லவா?” என்னும் பொருள்படக் கேட்கிறார். அவன் இல்லையென்று மறுக்கிறான். அவர் விடுவதாயில்லை. வலைத்தொப்பி அணிந்த றொபினும் கோதாவின் றாண்டியும் ஒரே உடலில் நேருக்குநேர் சந்தித்த அக்கணத்தில், அவன் இறைச்சி சீவும் இயந்திரத்தின்மேல் ஓங்கிக் குத்துகிறான். கை கிழிந்து இரத்தம் பாய்கிறது. கோதாவில் பிளேட்டினால் கீறிக்கொண்டபோது வந்ததைவிட இந்த இரத்தம் நம்மை அதிகம் வருத்துகிறது. ஏனெனில் இங்கே கைதட்ட ஆளில்லை.

தந்தையும் மகளும்

றாண்டிக்கு ஸ்டெபனி என்று ஒரு மகள் உண்டு. அவள் சிறுமியாய் இருந்த காலத்தில் அவன் ஊரூராய் மேடையேறிக்கொண்டிருந்தான். தந்தை என்ற ஒருவன் வீட்டில் இருந்ததில்லை. நோய் வந்தபின் அவளைத் தேடிப் போகிறான். அவள் சீறி விழுகிறாள். அச்சீற்றத்தில் நியாயம் உண்டு. அவனுக்கு நோய் வந்த பின்னரல்லவா மகளின் நினைவு வந்தது!

இருப்பினும் மெல்ல மெல்ல மனம் இளகுகிறாள். அஸ்பரி பார்க் என்னும் கடற்கரையூரில் இருவரும் நடக்கின்றனர். பாழடைந்த பழைய மண்டபமொன்றில் தந்தையும் மகளும் கைகோத்து நடனமாடுகின்றனர். தான் அடிபட்டுச் சிதைந்த வெறும் ஊன்பிண்டம் என்றும், தனிமையே தனக்குத் தகுந்த தண்டனை என்றும், ஆனால் அவள் தன்னை வெறுக்காதிருந்தால் போதும் என்றும் அவன் அழுதுகொண்டே கூறும்போது, பார்ப்பவர் கண்ணும் நனைகின்றது. அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து உணவருந்துவதென்று பேசிக்கொள்கின்றனர்.

அந்த நாள் வருகிறது. அவன் மட்டும் வரவில்லை. முந்திய இரவின் மதுவும் போதையும் அவனை உறங்க வைத்துவிட்டன. மகள் மணிக்கணக்காகக் காத்திருந்து திரும்புகிறாள். அத்தோடு அக்கதவு மூடிவிடுகிறது.

வண்டிவீட்டின் கதவைப் பூட்டியவர் வேறொருவர். மகளின் கதவைப் பூட்டியவன் அவனேதான். இவ்வேறுபாட்டைப் படம் மறைக்காமல் காட்டுவதனாலேயே இதனை உயர்ந்த படைப்பென்று மதிக்கிறேன். உலகம் கொடியது, வீரன் குற்றமற்றவன் என்று கதை புனைதல் எளிது. றாண்டியோ அன்புள்ளவன், நகைச்சுவையுள்ளவன், அயல்வீட்டுச் சிறுவரோடு சிறுவனாக விளையாடுபவன்; அதே வேளையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரியாதவன். இரண்டும் உண்மை.

அவனைப்போன்ற மற்றொருத்தியும் படத்தில் வருகிறாள். மதுச்சாலையில் ஆடிப் பிழைக்கும் பாம் என்பவள், அங்கே கசிடி என்னும் வேறு பெயரால் வழங்குகிறாள். அவளுக்கும் இளமை கழிகிறது. வாடிக்கையாளர் இளையவர்களை நாடுகின்றனர். ஆனால் அவள் வீட்டில் ஒரு மகன் இருக்கிறான். தொழிற்பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்ப அவளுக்குத் தெரியும். றாண்டிக்கு அது தெரியவில்லை. இப்பாத்திரத்தில் நடித்த மரீசா தோமேயின் பெயர் ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது.

நடிகரும் பாத்திரமும்

மிக்கி றூர்க்கின் சொந்த வாழ்க்கையை அறிந்தவர்க்கு இப்படம் இன்னும் ஆழமாகப் படும். 1980ஆம் ஆண்டுகளில் அவர் ஹொலிவூட்டின் அழகு நடிகர்களுள் ஒருவர். இளமையில் குத்துச்சண்டை பழகியவர். 1991இல் படவுலகைவிட்டு விலகித் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கினார். சில ஆண்டுகளில் மூக்கும் கன்ன எலும்பும் உடைந்து, பல சத்திரசிகிச்சைகளால் முகமே மாறிவிட்டது. திரும்பி வந்தபோது பழைய இடம் காத்திருக்கவில்லை. ஏறக்குறைய 15 ஆண்டுகள் சிறு வேடங்களோடு காலம் கடந்தது. றாண்டியாக நடித்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. உண்மையான மல்யுத்தக் காட்சிகளுக்கு வந்த உண்மையான கூட்டத்தின் முன்னிலையிலேயே பல காட்சிகள் படமாக்கப்பட்டன. 2009இல் கோல்டன் குளோப் பரிசும் பிரித்தானியாவின் பாப்டா பரிசும் சிறந்த நடிகர் என்ற வகையில் அவருக்குக் கிடைத்தன. திரையில் தெரியும் தழும்பேறிய முகத்தில் எவ்வளவு ஒப்பனை, எவ்வளவு வாழ்க்கை என்று பிரித்துக் கூறுதல் அரிது.

யார் பொறுப்பு?

இனிக் கதையைவிட்டு நாட்டுநடப்புக்கு வருவோம். கதையின்படி றாண்டியின் மிகப் பெரிய போட்டி நிகழ்ந்தது 1989 ஏப்பிரலில். அதற்கு இரு மாதங்களுக்கு முன், அவ்வாண்டு பெப்ரவரியில், உண்மையான ஒரு நிகழ்ச்சி இதே நியூ ஜேர்சி மாநிலத்தில் நடைபெற்றது. அக்காலத்தின் மிகப் பெரிய மல்யுத்த நிறுவனம் மாநில மேற்சபையின் முன்வந்து, தாங்கள் நடத்துவது உண்மைப் போட்டியன்று, மக்களுக்குக் களிப்பூட்டும் காட்சியே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணைக்குழுவின் மேற்பார்வையிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதே அதன் நோக்கம்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மல்லன் விளையாட்டு வீரனும் அல்லன் என்றாயிற்று. அவன் நிறுவனத்தின் ஊழியனா என்றால் அதுவும் இல்லை. அவன் தனி ஒப்பந்தக்காரன் என்பதே அத்தொழிலின் வழக்கம். ஊழியருக்கு முதலாளி வழங்கும் மருத்துவக் காப்புறுதியும் ஓய்வூதியமும் ஒப்பந்தக்காரனுக்கு இல்லை. அமெரிக்காவிலோ காப்புறுதி இல்லாதவனுக்கு வைத்தியச் செலவு பெருஞ்சுமை. உடலையே முதலாகப் போட்டவனுக்கு, உடல் முறிந்தபின் கையில் மிஞ்சுவது பட்டப்பெயர் ஒன்றே.

றொடி பைப்பர் என்னும் புகழ்பெற்ற மல்லர், 2003இல் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில், ஓய்வுக்காலச் சேமிப்பைப் பெறுவதற்குரிய 65 வயதுவரை தாம் உயிரோடு இருக்கப்போவதில்லை என்று கூறினார். 2015 யூலையில் அவர் காலமானபோது வயது 61. இருதயமே அவரையும் கைவிட்டது. படத்தில், முன்னாள் வீரர்கள் மண்டபமொன்றில் மேசை போட்டு அமர்ந்து கையொப்பம் விற்கும் காட்சி ஒன்று உண்டு. வருபவர் சிலரே. ஒருவர் உறங்கிவிட்டார், ஒருவர் சக்கர நாற்காலியில், இன்னொருவர் காலில் சிறுநீர்ப்பை கட்டியிருக்கிறது. றாண்டி ஒவ்வொருவராகப் பார்க்கிறான். வசனம் ஒன்றுமில்லை. பைப்பர் போன்றோரின் கதை தெரிந்தவர்க்கு அக்காட்சி கற்பனையாகத் தோன்றாது.

இறுதிப் பாய்ச்சல்

வேலையும் போய், மகளும் போனபின், றாண்டி பழைய எதிரியோடு இருபதாம் ஆண்டு நிறைவுப் போட்டிக்கு ஒப்புக்கொள்கிறான். பாம் ஓடோடி வந்து தடுக்கிறாள். வெளியுலகில்தான் தனக்கு நோகிறது, கோதாவில் அன்று என்ற கருத்துப்பட அவன் விடையளிக்கிறான். கூட்டத்தை நோக்கி, அவர்களே தன் குடும்பம் என்கிறான். போட்டியின் நடுவே மார்பு அடைக்கிறது. எதிரியாக நடிப்பவனே அதைக் கண்டு, விரைவில் முடித்துவிடும்படி முணுமுணுக்கிறான். றாண்டி மூலைக் கம்பத்தின்மேல் ஏறுகிறான். பாம் நின்ற இடத்தை நோக்குகிறான். அவள் அங்கே இல்லை. கைகளை உயர்த்திப் பாய்கிறான். திரை இருள்கிறது.

இதனை வீரமென்று போற்றுவார் உளர். ‘ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது’ என்பது நம் பழமொழி. அவ்வகையில் அவன் செயல் நமக்கு விளங்காததன்று. எனினும் அதனை வீரமென்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. ஆரவாரித்த கூட்டத்தில் அவன் மார்புத் தழும்பின் காரணத்தை அறிந்தவர் எத்தனை பேர்? அறிந்தவள் ஒருத்தி, வேண்டாமென்று தடுத்தவளும் அவளே. தன்னை அறிந்த ஒருத்தியைவிட, தன்னை அறியாத ஆயிரவரை அவன் குடும்பமாகக் கொண்டான். அவனுடைய துன்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இரத்தமும், மதுச்சாலைக் காட்சிகளும், கடுஞ்சொற்களும் நிறைந்த படம் இது, சிறுவர்க்கு ஏற்றதன்று. பெற்றோர் முதலில் பார்த்து, வளர்ந்த பிள்ளைகளோடு இதைப் பற்றிப் பேசலாம். மாணவர்க்கு நான் கூற விரும்புவது இதுவே: எத்தொழிலில் இறங்கினாலும் முழு மனத்தோடு இறங்குங்கள், ஆனால் தொழிற்பெயர் ஒன்றையே உயிரென்று எண்ணி, பெற்றோர் இட்ட பெயரைச் சொல்லி அழைப்பவரை இழந்துவிடாதீர்கள். ரசிகராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. நாம் கொடுத்த நுழைவுக் கட்டணத்தோடு கணக்குத் தீர்ந்துவிட்டதாக எண்ணலாகாது. நம்மூரிலேயே ஒருகாலத்தில் ஆடியும் பாடியும் ஓடியும் நம்மை மகிழ்வித்தவர் பலர் இன்று மூலையில் முடங்கிக் கிடக்கக்கூடும். அவர்களுள் ஒருவரையேனும் இந்த ஞாயிற்றுக்கிழமை சென்று பார்த்துச் சுகம் விசாரிப்போமாக.